ஓட்டையை அடைக்கும் முன்: கார்த் தகட்டின் துருவும் அதற்கேற்ற பொருளும்

செம்பில் படிவதைக் களிம்பு என்கிறோம். இரும்பில் பிடிப்பதைத் துரு என்கிறோம். உலோகம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து அடையும் மாற்றம்தான் இரண்டும். ஆனாலும் தமிழ் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. அதில் பொருள் இருக்கிறது. செம்பின் களிம்பு மேலே போர்வைபோல் படிந்து, அடியில் உள்ள செம்பைப் பெரும்பாலும் காக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பாட்டி காலத்துக் குடமும் பளபளக்கும். இரும்பின் துருவோ பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழுந்து, அடியில் உள்ள இரும்புக்கும் காற்றையும் நீரையும் வழிவிடுகிறது. தேய்த்தால் துரு போகும். போன இரும்பு திரும்பி வராது.

இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் வீட்டுக் காரின் தகட்டில் துரு தின்ற ஓட்டையை எந்தப் பொருளைக் கொண்டு சரிசெய்வது என்று பார்ப்போம். மலரில் இலக்கியக் கட்டுரைகளுக்கு நடுவே இது என்ன பட்டறைப் பேச்சு என்று அன்பர்கள் நினைக்கலாம். குடும்பத்தோடு ஏறி உட்காரும் வண்டியின் நலம் பற்றியது என்பதால் பொறுத்தருள வேண்டும்.

என் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம், நயினார் குடும்பம். ஹனூரில் இரும்புச் சாமான், பெயிண்ட் வியாபாரம். 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன் ஹனூர், கோயமுத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் தாலுகாவில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். மாவட்டம் மாறினாலும், கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வண்டிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன. பள்ளியோடு என் படிப்பு நின்றுவிட்டது. மீதியைப் புத்தகங்களிடமும், கடைக்கு வந்துபோகும் டிங்கர் மேஸ்திரிகளிடமும் கற்றேன்.

கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "நயினாரே, கதவுக்கு அடியில ஓட்டை விழுந்திருச்சு. அரைக் கிலோ பட்டி குடுங்க, அடைச்சிரலாம்." கொடுப்பது எனக்குச் சுலபம். ஆனால் நான் திருப்பிக் கேட்பேன்: "ஓட்டை எந்த இடத்துல? அந்தத் தகடு எதையாவது தாங்குதா?" பொருளைத் தேர்ந்தெடுப்பதன் முழு சூட்சுமமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்பு, காற்றில் உள்ள பிராணவாயு, நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு கலந்தால் அந்த நீரில் மின்னோட்டம் எளிதாகிறது, துருவும் விரைவாகிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்டின் மேல் முதலில் கொப்புளம் போல் உப்புகிறது. கொப்புளத்தைக் குத்தினால் உள்ளே பழுப்புப் பொடி கொட்டும். ஓட்டை தெரியும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்பார்கள். உண்மையில் அந்தத் துரு மாதக்கணக்காக, சில சமயம் ஆண்டுக்கணக்காக, தகட்டின் பின்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்திருக்கும்.

எங்கள் ஹனூர் வறண்ட ஊர். கடற்காற்று இங்கே எட்டாது. ஆனாலும் துரு வருகிறது. சக்கரம் வாரியடிக்கும் செம்மண் மட்கார்டின் உள்மடிப்பில் அப்பிக்கொள்ளும். மழையில் நனைந்தால் அந்த மண் ஈரத் துணிபோல் நாட்கணக்கில் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். விவசாயம் செய்கிறவர்கள் டிக்கியில் உர மூட்டை ஏற்றுகிறார்கள். பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்புதான். மூட்டையிலிருந்து சிந்தியது கார்ப்பெட்டுக்கு அடியில் போய் ஈரத்தை இழுத்துக்கொண்டால், கடற்கரையில் நிறுத்திய வண்டியின் கதிதான்.

இன்னொரு காரணம், கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துவாரங்கள் அடைபடுவது. கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வடிவதற்காகவே ஆலையில் அவற்றை விட்டிருக்கிறார்கள். மண்ணால் அடைபட்டாலும், பெயிண்ட் அடிக்கும்போது பட்டியால் அடைபட்டாலும் கதவு தண்ணீர்த் தொட்டியாகிவிடும். வண்டி கழுவும்போது ஒரு குச்சியால் அவற்றைக் குத்திவிடுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

முகம் காட்டும் தகடும் சுமை தாங்கும் தகடும்

பழைய ஜீப், பொலேரோ போன்ற வண்டிகளுக்குக் கீழே தனியாகச் சட்டம் உண்டு. எஞ்சின், சக்கரம், பாரம் எல்லாவற்றையும் அந்த சேஸிஸ் தாங்குகிறது. உடம்பு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அந்த அமைப்புதான். அம்பாசிடர், பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட், 1983 முதல் 2014 வரை வந்த மாருதி 800, இன்று தெருவில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்கள் ஆகியவற்றில் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளையே மடித்து, பெட்டி பெட்டியாக ஒட்டி, உடம்பையே எலும்புக்கூடாகச் செய்திருக்கிறார்கள். ஆகவே இவ்வகைக் காரின் தரைத் தகட்டில் விழும் ஓட்டை, எலும்பில் விழும் ஓட்டை.

முகம் காட்டும் தகடுகள்: முன் மட்கார்டு, கதவின் வெளித் தகடு, பானெட், டிக்கி மூடி. இவற்றில் பெரும்பாலும் போல்ட்டைக் கழற்றி வேறு மாட்டிவிடலாம்.

சுமை தாங்கும் தகடுகள்: கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ ரன்னிங் போர்டு, தரை, சீட் போல்ட்டும் சீட் பெல்ட்டும் பிடித்திருக்கும் இடம், கதவுக் கீல் மாட்டும் தூண், ஷாக் அப்சார்பர் மேல்முனை உட்காரும் இடம், பின் ஸ்பிரிங் பிடிமானம், ஜாக்கி வைக்கும் இடம். விபத்து நேரத்தில் ஆள் உட்காரும் கூடு நசுங்காமல் நிற்பது இவற்றால்தான். சீட் பெல்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் போல்ட் கடித்திருக்கும் தகடு அப்பளமாக இருந்தால் பெல்ட்டோடு தகடும் பிய்ந்து வந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கடற்கரை ஊரிலிருந்து மலிவாகக் கிடைத்தது என்று பழைய கார் ஒன்றை வாங்கி வந்தது. மேலே பெயிண்ட் கண்ணாடிபோல் இருந்தது. மலைக்குப் போகும்போது வளைவுகளில் டிரைவர் சீட் லேசாக ஆடியதாம். பட்டறையில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். சீட் போல்ட்டைச் சுற்றிக் கொசுவலைக் கம்பியை வைத்து, பட்டி பூசி, கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் கட்டியாக விழுந்தது. அந்த வண்டியில் பள்ளிப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

எந்த ஓட்டையானாலும் முதல் வேலை, ஸ்க்ரூடிரைவரால் சுற்றிலும் குத்திப் பார்ப்பது. 'டங்' என்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது. 'பொத்' என்று அமுங்கினால் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஓட்டை கால் ரூபாய் அளவு என்றால், அமுங்கும் இடம் உள்ளங்கை அளவு இருக்கலாம். கெட்டியான இரும்பு வரும்வரை வெட்டி எடுத்தாக வேண்டும். நைந்த ஓரத்தில் எதை ஒட்டினாலும் நிற்காது.

பொருள்களின் குணம்

இனி கடை அலமாரியில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது பட்டி. "பட்டி, டிங்கரிங் பார்த்து" என்று பேச்சுவழக்கிலேயே ஏறிவிட்ட பொருள். பாலியெஸ்டர் பிசினில் மாக்கல் பொடியைக் குழைத்தது. 100 பங்குக்கு ஏறக்குறைய 2 பங்கு கடினமாக்கும் பசையைச் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகும். அதிகம் சேர்த்தால் சீக்கிரம் காயும் என்று சிலர் தாராளமாகப் பிதுக்குவார்கள். பின்னால் பெயிண்டின் மேல் கறை கிளம்பும். பட்டி நெளிவை நிரப்புவதற்கான பொருள். கெட்டித் தகட்டின்மேல் 2, 3 மில்லிமீட்டர் கனத்துக்குள் இருந்தால் நெடுநாள் உழைக்கும். ஆனால் அது நீரை உறிஞ்சும். ஓட்டையில் வைத்து அடைத்தால் பின்பக்கத்து ஈரத்தைக் குடித்து, தகட்டோடு சேரும் ஓரத்திலேயே மறுபடி துருவை வளர்க்கும். ஒரு மழைக்காலம் போனதும் அதே இடத்தில் கொப்புளம் கிளம்பும். 'என்.சி. பட்டி' என்று விற்கும் மெல்லிய பசை, உப்புத்தாள் கீறல்களையும் ஊசித்துளைகளையும் மறைக்க மட்டும்தான்.

இரண்டாவது, எம்-சீல் போன்ற இபாக்ஸி மாவு. இரண்டு உருண்டைகளைச் சமமாகப் பிசைந்து ஒட்டுவது. இது நீரை உறிஞ்சாது. இரும்பை நன்றாகப் பிடிக்கும். முகம் காட்டும் தகட்டில் மிளகு அளவு, கடுகு அளவுத் துளைகளைத் துரு நீக்கியபின் அடைக்கலாம். ஆனால் தகடு அதிரும்போது இது வளையாது. பெரிய ஓட்டையில் வைத்தால் விரிசல் விடும்.

மூன்றாவது, கண்ணாடி நார். கண்ணாடி இழைப் பாயைப் பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுவது. நம் கடற்கரைகளில் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள், அதே சரக்கு. 1980களில் பெங்களூரு சிப்பானி நிறுவனம் செய்த டால்ஃபின் காரின் உடம்பே கண்ணாடி நார்தான். 2001இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா மின்சாரக் காருக்கும் வெளித் தகடுகள் பிளாஸ்டிக். "அப்போ ஃபைபர் போட்டா என்ன நயினாரே?" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டால்ஃபினுக்கு அடியில் இரும்புச் சட்டம் இருந்தது. ரேவாவுக்கு உள்ளே இரும்புக் குழாய்க் கூடு இருந்தது. சுமையை இரும்பு தாங்கியது, முகத்தைப் பிளாஸ்டிக் காட்டியது. ஆகையால் மட்கார்டு, கதவின் வெளித் தகடு போன்ற இடங்களுக்குக் கண்ணாடி நார் ஏற்றதுதான். வெப்பத்தில் இரும்பு விரியும் அளவும் இது விரியும் அளவும் வேறு. பாலியெஸ்டர் பிசின் இரும்பில் பிடிக்கும் பிடியும் குறைவு. ஆகவே ஓட்டையைச் சுற்றி இரண்டு அங்குலமாவது பெயிண்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பில் ஒட்ட வேண்டும். இபாக்ஸிப் பிசின் கிடைத்தால் அதுவே மேல். ஓர் எச்சரிக்கை: பாலியெஸ்டர் பிசினோடு வரும் கோபால்ட் திரவத்தையும், எம்.இ.கே.பி. என்னும் கடினமாக்கும் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். ஒன்றைப் பிசினில் முழுக்கக் கலந்த பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

நான்காவது, வேற்று உலோகங்கள். சமையல் எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டுவது பழைய வழக்கம். அந்தத் தகரம் இரும்பின்மேல் வெள்ளீயம் பூசியது. இங்கே ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் சிறிய பேட்டரிபோல் வேலை செய்யும். இரண்டில் ஒன்று கரைந்து மற்றதைக் காப்பாற்றும். இரும்பும் துத்தநாகமும் சேர்ந்தால் துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கும். இரும்பும் வெள்ளீயமும், இரும்பும் பித்தளையும், இரும்பும் எவர்சில்வரும் சேர்ந்தால் இரும்புதான் கரையும். எண்ணெய் டின்னின் வெள்ளீயப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால், கீறலில் தெரியும் இரும்பு வெறும் இரும்பைவிட வேகமாகத் துருப்பிடிப்பது இதனால்தான். கனமும் போதாது. "எவர்சில்வர் தகடு போட்டா துருவே பிடிக்காதே" என்பாரும் உண்டு. எவர்சில்வருக்குப் பிடிக்காது, அதைச் சுற்றியுள்ள காரின் தகட்டுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து வைப்பதிலும் இதே சிக்கல்: நடுவே ஈரம் தங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பஸ், லாரிக் கூடுகளில் அலுமினியத் தகடு போடுகிறார்களே என்றால், அங்கே அது முகம். சுமை அடியில் உள்ள இரும்புச் சட்டத்தில்.

ஐந்தாவது, ஜி.ஐ. ஷீட். இரும்பின்மேல் துத்தநாகம் பூசியது. மின்சாரத்தை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் கால்வானியின் பெயரால் 'கால்வனைஸ்டு அயர்ன்' என்று பெயர் பெற்றது. மேலே சொன்ன விதிப்படி இரும்புக்கு நல்ல துணை. ஆனால் வெல்டிங் வைக்கும்போது தொல்லை தரும். இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். துத்தநாகமோ ஏறக்குறைய 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அந்த வெண்புகை வெல்டிங்கில் குமிழி விழச்செய்யும். அதைச் சுவாசித்த மேஸ்திரிக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல் வரும். ஆகவே வெல்டிங் வைக்கும் ஓரத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். வெல்டிங் இல்லாமல் பிசின், ரிவெட் கொண்டு முகத் தகட்டில் வைக்க ஜி.ஐ. நல்ல பொருள்.

ஆறாவது, சி.ஆர். ஷீட். குளிர்ந்த நிலையில் உருட்டிய மென்மையான இரும்புத் தகடு. காரின் உடம்பு செய்யப்பட்ட ஜாதியே இது. வளையும், வெல்டிங்கை ஏற்கும், காரின் தகட்டோடு ஒரேவிதமாக விரிந்து சுருங்கும். சிறிய கார்களின் வெளித் தகடு பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்; அதற்கு 22 கேஜ் ஏறக்குறைய ஒத்துவரும். தரைக்கும் ரன்னிங் போர்டுக்கும் 20 அல்லது 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 0.9 அல்லது 1.2 மில்லிமீட்டர். இருந்த தகட்டின் கனத்தைக் கெட்டியான இடத்தில் அளந்து, அதற்குக் குறையாமல் வாங்குவதே விதி. கனமாக இருந்தால் இன்னும் நல்லது என்று 16 கேஜ் வாங்குகிறவர்கள் உண்டு. கனத்த தகடும் மெல்லிய தகடும் சேருமிடத்தில் வெல்டிங்கின்போது மெல்லியது உருகி ஓடிவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. சென்னைப் புதுப்பேட்டை, பெங்களூரு சிவாஜிநகர் போன்ற இடங்களில் உடைத்துவிற்கும் கார்களிலிருந்து அதே மாடலின் நல்ல தகட்டை வாங்குவது. வளைவும் மடிப்பும் ஆலையில் வந்தபடியே இருக்கும். மட்கார்டு, கதவு என்றால் முழுதாகவே மாற்றிவிடலாம். ஓட்டையை அடைக்கும் கூலியோடு ஒப்பிட்டால் பல சமயம் இதுவே சிக்கனம்.

சேர்க்கும் முறை

பொருள் சரியாக இருந்து, சேர்க்கும் முறை தப்பினால் பயன் இல்லை. சாதாரணக் குச்சி வெல்டிங் மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும். கேஸ் வெல்டிங்கில் நல்ல கை உள்ள மேஸ்திரிகள் உண்டு. ஆனால் சூடு அகலமாகப் பரவித் தகடு நெளியும். பித்தளை வெல்டிங் எளிது. ஆனால் மேலே சொன்ன உலோக விதியும், கழுவாமல் விட்ட உப்புப்பொடியும் சேர்ந்து ஓரத்தைத் தின்னும். சுமை தாங்கும் இடத்துக்கு அது கூடாது. இப்போது நல்ல பட்டறைகளில் உள்ள சி.ஓ.டூ. வெல்டிங் மெல்லிய கம்பியால் சிறு சிறு புள்ளியாக வைப்பது. ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டுப் பிறகு இடைவெளியை நிரப்பினால் தகடு நெளியாது. புதிய கார்களின் தூண்களிலும் ரன்னிங் போர்டிலும் உறுதி கூடிய விசேஷ எஃகு வைத்திருக்கிறார்கள். சூட்டில் அதன் உறுதி குறையும். அவற்றைத் தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி செய்யும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றவும். சீட், கார்ப்பெட், ரப்பர் எல்லாவற்றையும் எடுக்கவும். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருந்தால் கழற்றி அப்புறப்படுத்தவும். ஒரு வாளித் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும்.

டெல்லித் தூணும் கடுக்காயும்

துரு பற்றிப் பேசினால் நம்மவர்கள் உடனே கேட்பது, "ஆயிரத்தறுநூறு வருஷமா டெல்லியில இரும்புத் தூண் துருப்பிடிக்காம நிக்குதே, அந்த வித்தை எங்கே போச்சு?" என்று. நியாயமான கேள்வி. மெஹ்ரோலியில் நிற்கும் அந்தத் தூண் 7 மீட்டருக்கு மேல் உயரமும் 6 டன்னுக்கு மேல் எடையும் கொண்டது, குப்தர் காலத்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை நுணுகி ஆராய்ந்து எழுதினார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம்: நூறில் ஏறக்குறைய கால் பங்கு. நனைந்தும் காய்ந்தும் வரும் தட்பவெப்பத்தில் அந்தப் பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து மேலே மெல்லிய கெட்டிப் படலமாகி, அடியில் உள்ளதைக் காத்தது. நான் தொடக்கத்தில் சொன்ன செம்பின் களிம்பைப்போல் ஒரு காப்பு அந்த இரும்புக்கு வாய்த்தது.

அப்படியானால் காரையும் அந்த இரும்பில் செய்யலாமே? அவ்வளவு பாஸ்பரஸ் இருந்தால் இரும்பு நொறுங்கும் தன்மை பெறும். தூணாக நிற்கலாம்; மில்லிமீட்டருக்கும் குறைந்த தகடாக உருட்டி மட்கார்டு வளைவுக்கு அழுத்தினால் விரிசல் விடும். ஆகவே ஆலைகள் கார்த் தகட்டில் பாஸ்பரஸை மிகக் குறைவாக வைக்கின்றன. காப்பு வேலையைப் பூச்சுகளிடம் ஒப்படைத்திருக்கின்றன.

ஆனாலும் அந்தத் தத்துவம் நம் கடை அலமாரியில் இன்றும் இருக்கிறது. துருவை மாற்றும் திரவம் என்று விற்பவற்றில் ஒருவகை பாஸ்பாரிக் அமிலம். மேல்துருவோடு சேர்ந்து இரும்புப் பாஸ்பேட் படலம் உண்டாக்கும். இன்னொரு வகை டானிக் அமிலம். அதுவும் நமக்குப் புதிதல்ல. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய தலைமுறை நம் தாத்தாக்கள். கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்து டானின். அன்னபேதியில் உள்ளது இரும்பு. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. துருவின்மேல் அந்தத் திரவத்தைத் தடவியதும் கறுத்துப்போவது அதே மாற்றம்தான். இவை கெட்டித் தகட்டின் மேல்துருவுக்கும், கம்பி பிரஷ் எட்டாத மூலைக்கும் உதவும். ஓட்டை விழுந்த இடத்தில் மாற்றுவதற்கு இரும்பே இல்லை.

பின்பக்கத்தை மறக்கலாகாது

வந்த துரு பின்பக்கமாக வந்தது. முன்பக்கத்தை மட்டும் அலங்கரித்துவிட்டால் அது மறுபடி அதே வழியில் வரும். புதுத் தகடு வைத்ததும் இரண்டு பக்கமும் இபாக்ஸி பிரைமர் அல்லது துத்தநாகம் கலந்த பிரைமர் அடிக்க வேண்டும். துத்தநாகப் பிரைமர் வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். துருவின்மேலோ பழைய பெயிண்டின்மேலோ அடித்தால் வீண். மலிவாகக் கிடைக்கும் ரெட் ஆக்சைடு ஜன்னல் கம்பிக்குப் போதும்; தண்ணீர் வாரியடிக்கும் இடத்துக்குத் தனியாக அது போதாது. தகட்டின் மேல் தகடு ஏறும் ஓரங்களில் சீலர் பசை. அதற்கும் மேலேதான் பட்டி, பெயிண்ட் எல்லாம்.

ரன்னிங் போர்டு போன்ற மூடிய பெட்டிக்குள், இதற்கென்றே வரும் மெழுகுத் திரவத்தை நீண்ட குழாயால் பீய்ச்ச வேண்டும். வெல்டிங் முடிந்து ஆறிய பிறகே இதைச் செய்ய வேண்டும். முன்பே பீய்ச்சினால் தீப்பற்றும். அடியில் அடிக்கும் தார்ப் பூச்சும் அப்படியே: காய்ந்த, சுத்தமான தகட்டில் அடித்தால் காப்பு. ஈர மண்ணின்மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துத் துருவை வளர்க்கும்.

எதற்கு எது?

மட்கார்டிலோ கதவின் வெளித் தகட்டிலோ கடுகளவுத் துளைகள் என்றால், துரு நீக்கி, இபாக்ஸி மாவு, பிரைமர், மெல்லிய பட்டி. அதே இடத்தில் காசளவு முதல் உள்ளங்கையளவு வரை என்றால் சி.ஆர். ஷீட்டும் வெல்டிங்கும், வசதி இல்லாவிட்டால் கண்ணாடி நார். அதற்கும் மேல் என்றால் தகட்டையே மாற்றுவது. தரை, ரன்னிங் போர்டு, சீட், சீட் பெல்ட், ஷாக் அப்சார்பர் பிடிமானம் என்றால் ஓட்டை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஒத்த கனமுள்ள இரும்பும் வெல்டிங்கும்தான். அங்கே பட்டிக்கும் நாருக்கும் இடமே இல்லை.

செலவு பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓர் ஓட்டைக்கு வேண்டிய சி.ஆர். ஷீட் பெரிய விலை கிடையாது. வெட்டவும் ஒட்டவும் ஆகும் கூலிதான் செலவு. கூலியை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் பட்டியில் அடைக்கிறார்கள். பழைய கார் வாங்குகிறவர் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போகட்டும். மட்கார்டு விளிம்பு, கதவின் அடி, ரன்னிங் போர்டு, கார்ப்பெட்டைத் தூக்கித் தரை என்று வைத்துப் பார்க்கட்டும். இரும்பு இருந்தால் காந்தம் பிடிக்கும். பட்டி கனமாக இருந்தாலோ, நாரோ அலுமினியமோ இருந்தாலோ நழுவும். (பிளாஸ்டிக் பம்பரில் பிடிக்கவில்லை என்று சண்டைக்குப் போக வேண்டாம்!) முக்கியமான இடத்தில் நழுவினால், எவ்வளவு மலிவானாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

சொந்த வாகனத்துக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அந்த நாளுக்காகப் பளபளவென்று பெயிண்ட் அடிப்பதைவிட, ஒரு வாரம் முன்பே வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். இரண்டு பக்கத்து ரன்னிங் போர்டும், தரையும், பிடிமானங்களும் ஒருசேர நைந்துபோயிருந்தால் எந்தப் பொருளும் அதை மீட்காது. அந்த வண்டியை முறையாக உடைக்கக் கொடுத்துவிடுவதே நல்லது. அதிலுள்ள நல்ல கதவு இன்னொரு வண்டிக்கு உதவும்.

அடுத்த முறை கடைக்காரரிடம் பட்டி கேட்குமுன், ஒரு ஸ்க்ரூடிரைவரும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள். கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். என்ன வாங்க வேண்டும் என்பதைத் தகடே சொல்லிவிடும்.